பீடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய தடை

மேற்குத் தாம்பரம்
31 ஜனவரி 2026, சனிக்கிழமை

சங்கைக்குரிய ஐயரவர்களுக்கு,

நேற்று முற்பகலிலிருந்து என் கைகளை விட்டுப் பாச்சை உருண்டை வாடை போகவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். எலுமிச்சைத் தோலைத் தேய்த்தும் பார்த்தேன். தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பேனாவைப் பிடித்த விரல்களிலிருந்து அதே வாடை எழுகிறது. எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறேன். முடிச்சூர் சாலையின் ஆரன் சத்தம் உள்ளே வருகிறது. மூடிவிட்டு மறுபடி வந்து உட்காருகிறேன். காலையிலிருந்து இப்படியேதான் போகிறது.

அது நம் கோயிலில் நீங்கள் அங்கி மாற்றிய வெஸ்ட்ரி அறையிலிருந்து வந்த வாடை. ஊதா நிறப் பீடத்துணியின் ஓரத்தில் குஞ்சம் பிரிந்திருக்கிறது என்று பெண்கள் சங்கத்தார் சொன்னதால், தையற்காரரிடம் கொடுப்பதற்காக அதை நேற்று அலமாரியிலிருந்து எடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்துக்கும் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் லெந்துக்கும் மட்டும் வெளியே வரும் துணி. உங்கள் கறுப்பு அங்கியும் அந்நாளில் அந்த அலமாரியில்தான் தொங்கும். நற்கருணை கொடுக்க நீங்கள் குனியும்போது அப்பத்துக்கு முன்பாக இந்த வாடைதான் எங்களை வந்தடையும். பரலோகத்தில் பாச்சை உருண்டை வாடை அடிக்காவிட்டால் அது பரலோகம் என்று தனக்கு நம்பிக்கை வராது என்று என் மனைவி ஒருமுறை சொன்னாள். நீங்கள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டீர்கள். அடுத்த ஞாயிறு வெஸ்ட்ரி வாசலில் அவளைக் கண்டதும் அங்கியின் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "பரலோகம் வேணுமாம்மா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் காலமானது திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் பதினெட்டாம் ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. கல்லறைக் கல்லில் புதன் என்று வெட்டியிருக்கிறார்கள். அது அடக்கம் செய்த நாள். இருமுறை எழுதிக் கொடுத்தும் சபைச் சங்கத்தார் திருத்தவில்லை. கல்லைத் திருத்தினால் அசிங்கமாகிவிடுமாம். தப்பான கிழமை அசிங்கமில்லை போலும்.

உங்களுக்குப் பிறகு நடந்தவற்றில் இரண்டை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அவை தெரியாமல் மற்றது உங்களுக்கு விளங்காது. என் மனைவி நீங்கள் போன ஆறாம் ஆண்டில், அட்வெந்து முதல் ஞாயிறன்று போனாள். என் மகன் சாமுவேல், ஞானஸ்நானத் தொட்டியருகே உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிய அதே சாமுவேல், மூன்று ஆண்டுகளுக்கு முன் பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாயன்று அலுவலக மேசையில் தலை சாய்த்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது நாற்பத்தொன்று. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஆகவே இந்த வீட்டில் இப்போது நானும் மருமகள் ரூபியும் மட்டும் இருக்கிறோம். அவளுக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் மிச்சமில்லை. குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் புறப்படும் முன் என் மாத்திரைகளை ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு, அதைச் சாமுவேலின் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போவாள். நான் மறக்கக்கூடாது என்பதற்காக அங்கே வைப்பதாகச் சொல்வாள். எதை மறக்கக்கூடாது என்று நான் கேட்டதில்லை.

ரூபி மறுமணம் செய்துகொள்ளப் போகிறாள். அவர் பொத்தேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்பவர், மனைவியை இழந்தவர், நம் பொழிச்சலூர் சபையைச் சேர்ந்தவர். நல்ல மனிதர். குறை ஏதாவது அகப்படுமா என்று நானும் பார்த்தேன். தேநீரைச் சத்தமாக உறிஞ்சுகிறார், அவ்வளவுதான் அகப்பட்டது. திருமணத்துக்குப் பிறகு நானும் பொத்தேரிக்கே வந்துவிட வேண்டும் என்று இருவரும் கேட்டார்கள். என் வயதில் நீங்கள் பிறர் வீட்டுக்குப் போயிருப்பீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போகமாட்டேன்.

என்னிடம் முதன்முதலில் இதைச் சொன்னபோது ரூபி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இதெல்லாம் வேணுமான்னு எனக்கே தோணுது மாமா. நடுவுல ஏதாவது தடங்கல் வந்துச்சுன்னா, ஆண்டவர் வேணாங்கறாருன்னு எடுத்துக்கிட்டு அதோட விட்டுடறேன். மறுபடியும் ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். சொன்னதைச் செய்கிறவள் அவள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று முன்தினம், வியாழன் மாலை, இப்போதைய ஐயர் வீட்டுக்கு வந்தார். இளைஞர். தம்மைப் 'பாஸ்டர்' என்று அழைக்கச் சொல்கிறார். நம் லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்று அழைப்பதுதான் வழக்கம் என்பதால் நான் ஐயர் என்றே அழைக்கிறேன்; பதிலுக்கு அவர் என்னை 'அங்கிள்' என்கிறார். நான்கு சபைகளை ஒரே ஸ்கூட்டரில் சுற்றி வருகிறார்; உழைப்பில் குறை சொல்ல முடியாது. இன்னார் இன்னாரை மணக்கிறார், தடை உண்டா என்று கேட்கும் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு சபையில் வாசிக்க வேண்டுமே, அதற்கு நாள் குறித்துக்கொண்டு வந்திருந்தார். பிப்ரவரி எட்டு, பதினைந்து, இருபத்திரண்டு ஆகிய ஞாயிறுகளில் ஓலை. இருபத்தாறு, வியாழக்கிழமை, திருமணம். ரூபி தலையசைத்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

சுவரில் திருச்சபைப் பஞ்சாங்கம் தொங்குகிறது. அதைப் புரட்ட வேண்டிய அவசியம்கூட எனக்கில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இவ்வாண்டு ஈஸ்டர் ஏப்ரல் ஐந்தாம் தேதியே வந்துவிடுகிறது. ஆகவே லெந்து தொடங்கும் சாம்பல் புதன், பிப்ரவரி பதினெட்டு. அவர் குறித்த திருமண நாள் லெந்துக்குள் விழுகிறது. லெந்தில் நம் பீடத்தின் முன் திருமணம் நடப்பதில்லை. சென்ற ஆண்டு லெந்து மார்ச் மாதத்தில்தான் தொடங்கியது. அந்தக் கணக்கு அவர் தலையில் தங்கிவிட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

எது நடக்கும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓலை வாசிக்கத் தொடங்கிய பிறகு யாராவது ஒருவர் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார். திருமணம் ஈஸ்டருக்குப் பின்னால் தள்ளிப்போகும். ரூபி அதைத் தடங்கல் என்று எடுத்துக்கொண்டு, தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, வழக்கம்போல் குரோம்பேட்டைக்குப் போய் வருவாள். நான் எதுவும் செய்திருக்க மாட்டேன். மாறாக, முதல் ஓலையை ஒரு வாரம் முன்னதாக, அதாவது நாளைக்கே வாசித்துவிட்டால், மூன்றாவது ஓலை பதினைந்தாம் தேதி, லெந்துக்கு முந்திய எஸ்தோமீகி ஞாயிறன்று முடியும். மறுநாள் திங்களன்று திருமணத்தை நடத்திவிடலாம். இதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். சொல்வதற்கு நாளைக் காலைவரைதான் நேரம்.

வாயை மூடிக்கொண்டிருப்பது பொய்ச்சாட்சி ஆகுமா? பத்துக் கற்பனைகளில் நம் எண்ணிக்கைப்படி எட்டாவது. மற்ற சபையார் ஒன்பதாவது என்பார்கள். வெள்ளிக்கிழமை விடியும்வரை இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். தேதி தப்பு, அது உண்மை. அந்த உண்மையை நான் உண்டாக்கவில்லை, அதுவும் உண்மை. இத்தனை உண்மைகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஏன் படுக்கையில் புரண்டுகொண்டிருக்க வேண்டும்?

இந்த நிலையில்தான் நேற்று வெஸ்ட்ரிக்குப் போனேன். ஊதாத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் சொந்தக் கல்யாண ஓலை நினைவுக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்பு நம் இருவருக்கும் நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜெபம் சொல்லும்போது நீங்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தின் பக்கம் திரும்பிவிடுகிறீர்கள், பாதி வார்த்தை காதில் விழவில்லை, இது என்ன முறை என்று நான் சபைச் சங்கத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்திருந்தேன். அப்போது நான் ரயில்வே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எழுத்து மூலம் கொடுக்காத எதுவும் நடக்கவில்லை என்று நம்பிய காலம். நீங்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். "தம்பி, ஆண்டவர் நமக்குச் சொல்றதை உங்களைப் பார்த்துச் சொல்றேன். நாம ஆண்டவருக்குச் சொல்றதை உங்க கூட்டத்துல ஒருத்தனா நின்னு அந்தப் பக்கம் பார்த்துச் சொல்றேன். இதுல முதுகு எங்கிருந்து வந்துச்சு?" என்றீர்கள். பிறகு, "சத்தமா சொல்றேன். அது நியாயமான புகார்" என்றும் சொன்னீர்கள்.

எங்கள் ஓலையின் இரண்டாம் வாசிப்பு, திரித்துவத்துக்குப் பின்வரும் ஐந்தாம் ஞாயிறு. என்னவளுடைய தகப்பனார் பம்மல் கல் குவாரியில் கல் உடைத்தவர். அவள் படித்து ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகியிருந்தாள். எங்கள் குடும்பமோ ஞானஸ்நானம் பெற்று ஐந்து தலைமுறை ஆன குடும்பம். அந்த ஐந்து தலைமுறையும் தண்ணீரில் நனையாமல் பத்திரமாக வெளியே பிடித்துக்கொண்டிருந்த ஒரே பொருள் சாதி. என் தகப்பனார் அப்போது உயிரோடு இல்லை. பெரியப்பாதான் வீட்டுக்குத் தலை. அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் ஓலையை வாசித்தீர்கள். இவ்விருவரும் இணைவதற்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே தெரியப்படுத்த வேண்டும் என்ற வரிக்குப் பிறகு, எப்போதும்போல் சற்று நிறுத்தினீர்கள். மற்ற ஐயர்மார் அந்த வரியை மூச்சு விடாமல் தாண்டிவிடுவார்கள். நீங்கள் உண்மையாகவே கேட்டீர்கள். உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தீர்கள். அந்த இடைவெளியில் பெரியப்பா எழுந்து நின்றார்.

"தடை இருக்கு ஐயரே."

"சொல்லுங்க."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"எனக்குத் தெரியாது."

பெரியப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். அவருக்குத் தெரிந்த முகங்களெல்லாம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தன. வெளியே பேசிக்கொள்ளலாம் என்றார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"ஓலையை உள்ளே வெச்சுத்தான் வாசிச்சேன், தடையையும் உள்ளேயே சொல்லிடுங்க. ஆனா சபையைப் பார்த்துச் சொல்ல வேணாம். இங்க படிகிட்ட வாங்க. மனுஷன் ஆண்டவர்கிட்ட சொல்றது எல்லாம் அந்தப் பக்கம் திரும்பித்தான். பீடத்தைப் பார்த்துச் சொல்லுங்க. நானும் உங்ககூட நிக்கிறேன்."

சொல்லிவிட்டு வலப்பக்கமாகத் திரும்பினீர்கள். நீங்கள் எப்போதும் வலப்பக்கமாகத்தான் திரும்புவீர்கள். அங்கியின் ஓரம் ஒரு கணம் தாமதித்து உங்களோடு வந்து சேரும். பீடத்தைப் பார்த்தபடி, பக்கத்தில் ஒருவர் நிற்க இடம் விட்டு நின்றீர்கள்.

பெரியப்பா வந்தார். அதை நான் அவருக்குச் சாதகமாகவே இன்றுவரை எண்ணுகிறேன். படியருகே உங்கள் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் எல்லோருக்கும் இரண்டு முதுகுகள் தெரிந்தன. ஒன்று கறுப்பு அங்கி, மற்றது கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டையின் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின, பேசப் போகிறவர் மூச்சு இழுப்பதுபோல. பேச்சு வரவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார், மறுபடியும் சரிசெய்தார். பிறகு தம் இடத்துக்குத் திரும்பாமல் பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டார். நீங்கள் உடனே திரும்பவில்லை. திரும்பியதும், பெண்கள் சங்கக் கூட்டம் செவ்வாய் மாலை நடைபெறும், ஊறுகாய் விற்பனை உண்டு என்ற அடுத்த அறிவிப்பை வாசித்தீர்கள். என்னவள் அப்போதுதான் அழுதாள். ஊறுகாய்க்கு ஏன் அழுகிறாய் என்று அவளுடைய தாயார் அதட்டினாராம்.

பெரியப்பா எங்கள் திருமணத்துக்கு வரவில்லை. சாகும்வரை என்னோடு பேசவுமில்லை. ஆனால் நீங்கள் மாதந்தோறும் அவர் வீட்டுக்குப் போனீர்கள். அது தெரிந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "தடை சொன்னவரும் என் சபைதான் தம்பி. அதுவும் கோயிலுக்கு வர முடியாம போனவரு" என்றீர்கள். அவரோடு என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதற்கு, மழையைப் பற்றி என்றீர்கள். வருடக்கணக்கில் மழையைப் பற்றியா?

சபையார் இப்போது ஒரு மலர் வெளியிடுகிறார்கள். நம் சபைகளில் பணியாற்றிய குறிப்பிடத்தக்க ஐயர்மாரைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம். உங்கள் பக்கத்தை என்னிடம் கொடுத்தார்கள். நீங்கள் குருப்பட்டம் பெற்ற ஞாயிறு, பணியாற்றிய சபைகள், கட்டிய பள்ளிக் கட்டடம், மாவட்ட அமைதிக் குழுவில் வகித்த இடம், குவாரித் தொழிலாளருக்காக நடந்த நடை எல்லாவற்றையும் வரிசைப்படி எழுதிவிட்டேன். எழுதியதில் ஒரு தேதியும் தப்பில்லை. வாசித்துப் பார்த்தால் நீங்கள்தான் அதில் இல்லை.

குவாரி விஷயத்தையாவது சரியாக எழுதியிருக்கலாம். வெடி வைக்கும் நேரத்தை முன்கூட்டி அறிவிக்காததால் கல் தெறித்து ஆட்கள் அடிபட்டுக்கொண்டே இருந்த காலம். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் நம் சபையார்கூட இல்லை. மாரியம்மன் கோயில் தெருக்காரர்கள். அவர்களுடைய பெண்களைக் கூட்டிக்கொண்டு நீங்கள் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். எந்த நாள், எந்த நேரம், யாருக்கு அடி என்று மனுவில் வரிசையாக எழுத ஆள் வேண்டும் என்றீர்கள். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, இவ்வளவு தேதி எதற்கு என்று அலுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் நீங்கள் என் தோளில் கைவைத்து, "உங்களுக்குத் தேதி ஒரு வியாதி தம்பி. கவலைப்படாதீங்க, வியாதியையும் ஆண்டவர் உபயோகிப்பாரு" என்றீர்கள். அந்த மாதமே வெடிக்கு முன் சங்கு ஊதத் தொடங்கினார்கள். குவாரிகள் மூடப்படும்வரை அந்தச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. அது ஊதும்போதெல்லாம் என் மனைவி தையலை நிறுத்திவிட்டு, "உங்க வியாதி கூப்பிடுது" என்பாள்.

இவ்வளவும் நேற்று வெஸ்ட்ரி நாற்காலியில், மடியில் துணியோடு உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தவை. பெண்கள் சங்கத்தார் அலமாரியைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் கோயிலுக்குள் வந்தேன். யாரும் இல்லை. மின்விசிறிகள் நின்றிருந்தன, பீடத்தின் மேல் பச்சைத் துணி இருந்தது.

பெரியப்பா நின்ற படியருகே போய் நின்றேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். பிறகு பீடத்தைப் பார்த்து, சத்தமாகவே சொன்னேன்: "தேதி சரியில்லை." சொன்ன மாத்திரத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது. ஈஸ்டர் எப்போது வருகிறது என்பதை அந்த இடத்தில் நின்று நான் யாருக்குத் தெரிவிக்கிறேன்?

மறுபடி முயன்றேன். அவள் போய்விட்டால் மாத்திரை எடுத்து வைக்க ஆள் இல்லை என்றேன். அதுவும் நிற்கவில்லை. மாத்திரையை நானே கிண்ணத்தில் போட்டுக்கொள்ளலாம். கை நன்றாகத்தான் இருக்கிறது. பொத்தேரி ஒன்றும் கடல் கடந்த தேசமில்லை. தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஒரு பத்திரிகையைப் படித்து முடிப்பதற்குள் வந்துவிடும். காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, அந்தப் பச்சைத் துணியைப் பார்த்ததும் கூசிக்கொண்டு நகர்ந்தன. பெரியப்பாவின் துண்டு எத்தனை முறை சரிசெய்யப்பட்டது என்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கடைசியில் வந்தது இதுதான். நான் எழுதும் தமிழில் அல்ல, வீட்டில் பேசும் தமிழில் வந்தது.

"அவ போயிட்டா, என் பையன் செத்துட்டான்னு ஆயிடும்."

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஆம், ஐயரவர்களே, எனக்கு நேரம் தெரியவில்லை. நீங்கள் பக்கத்தில் நிற்பதற்கு இடம் விட்டுத்தான் நின்றிருந்தேன் என்பதைப் பிறகே கவனித்தேன்.

காவற்காரர் வந்து வாசலில் நின்றார். "இன்னா சார், பூட்ற டைம் ஆயிட்சி, இன்னும் உள்ளயே நின்னுகினு கீற? யாராண்ட பேசிகினு இருந்த?" என்றார். உள்ளே யாரும் இல்லை என்றேன். "அதான் நானும் பாக்கறேன்" என்று சாவியை ஆட்டினார். "வூட்டுக்குப் போ சார், வெயில் ஏறிகினு கீது."

கோயில் வாசற்படியிலிருந்தே இளைய ஐயருக்குப் போன் செய்தேன். பின்னணியில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அவர் குறித்த வியாழக்கிழமை லெந்துக்குள் வருகிறது என்றேன். "இல்லையே அங்கிள், லெந்து மார்ச்லதானே?" என்றார். அது போன வருடம் என்றேன். பிறகு, "ஐயோ" என்றார், மிகவும் சின்னக் குரலில். அப்போது அவர்மேல் எனக்குப் பிரியம்கூட வந்தது. திருமணத்தை ஈஸ்டருக்குப் பிறகு தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு இதமாக என் காதில் விழுந்தது என்பதை உங்களிடம் மறைக்க முடியாது. வேண்டாம், முதல் ஓலையை இந்த ஞாயிறே வாசித்துவிட்டால் பதினாறாம் தேதி திங்களன்று முடித்துவிடலாம் என்றேன். நாளை அவர் பொழிச்சலூரில் இருக்கிறார். அங்கே மாப்பிள்ளை பக்கத்து ஓலையை அவரே வாசித்துவிடுவார். "தாம்பரத்துல நீங்கதானே அங்கிள் மூப்பர், அறிவிப்பு நீங்கதானே வாசிக்கணும்? உங்களால முடியுமா?" என்று தயங்கிக் கேட்டார். முடியும் என்றேன். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இப்போது எனக்கு நிச்சயமில்லை.

மாலையில் ரூபி வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத் தேதி மாறுது."

அவள் திரும்பவில்லை. "தள்ளிப் போகுதா மாமா?"

"முந்துது. பதினாறு, திங்கள். பழைய தேதி லெந்துல விழுது."

அடுப்பை அணைத்தாள். "ஐயர் கண்டுபிடிச்சாரா?"

"நான்தான் போன் பண்ணேன்."

"எப்ப பாத்தீங்க, தப்புன்னு?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பதினைந்து ஆண்டுகள் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள். தேதிகளுக்கு நடுவே இருப்பதையும் கணக்கிடக் கற்றுக்கொண்டுவிட்டாள். பாலை ஆற்றி என் முன்னால் வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள். வழக்கமாக உட்காரமாட்டாள். "பொத்தேரிக்கு ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாப்பிட வருவீங்க" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இப்போது சனிக்கிழமை பிற்பகல். ஓலை என் முன்னால் இருக்கிறது. இளைய ஐயர் தட்டச்சு செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கச் சொன்னார். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, திருத்திவிட்டேன். மாப்பிள்ளையின் பெயர், ஊர், தகப்பனார் பெயர். அதற்கடுத்த வரியில், "தாம்பரம் சபையைச் சேர்ந்த, காலஞ்சென்ற சாமுவேலின் விதவையாகிய ரூபி". வடிவம் சரியானதுதான். உங்கள் காலத்திலும் இதே வடிவம்தான். 'காலஞ்சென்ற' என்ற சொல்லை நான் அலுவலகத்தில் நூறு கோப்புகளில் எழுதியிருக்கிறேன். இந்தப் பெயருக்கு முன்னால் மட்டும் மூன்று ஆண்டுகளாக எழுதியதில்லை, சொன்னதில்லை. மருத்துவமனை, வங்கி, ரேஷன் அட்டை எல்லா இடத்திலும் ரூபியே எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து மட்டும் நான் போட்டேன்.

மத்தியானத்திலிருந்து வாசித்துப் பழகுகிறேன். அந்தச் சொல்லுக்கு வரும்போது எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். இந்த மடலையும் அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நாளைக்கு முன் ஒருமுறையாவது அதைக் கையால் எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று. மேலே எழுதிவிட்டேன். பார்த்தீர்கள் அல்லவா?

நாளை அறிவிப்பு நேரத்தில் சபையைப் பார்த்து நிற்பேன். அந்த வரியையும் சபையைப் பார்த்தே, பாதி வார்த்தை விழுங்காமல், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி வாசிப்பேன்; சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்தவன் நான்தானே. தடை உண்டா என்று கேட்பேன். நீங்கள் விட்ட அந்த இடைவெளியை அப்படியே விடுவேன், குறைக்கமாட்டேன். என் தடையைச் சொல்ல வேண்டிய பக்கத்தில் நேற்றே சொல்லிவிட்டேன். ஆகவே அந்த இடைவெளியில் எழுந்து நிற்க என்னிடம் எதுவும் இல்லை. பிறகு ஊறுகாய் விற்பனையோ வேறு என்னவோ, அடுத்த அறிவிப்பை வாசிப்பேன்.

அதன்பின் ஜெபத்துக்காகத் திரும்ப வேண்டும். உங்கள் அங்கியை உங்களோடே அடக்கம் செய்துவிட்டோம். மூப்பருக்கு அங்கி கிடையாது. என்னிடம் இருப்பது அந்தத் திரும்புதல் மட்டும்தான், ஐயரவர்களே. வலப்பக்கமாகத் திரும்புவேன். பக்கத்தில் இரண்டு பேர், நீங்களும் சாமுவேலும், நிற்க இடம் விட்டு நிற்பேன்.